அரை நூல்

நூல் என்பது பஞ்சிலிருந்து திரிப்பது; நூல் என்பது நாம் படிப்பது. இவ்விரு பொருளையும் வாசகர்கள் நன்கறிவர். பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில், தச்சன் பிடிக்கும் நூல் மரத்தின் கோணலைத் தீர்ப்பதுபோல் புலவன் இயற்றும் நூல் மனத்தின் கோணலைத் தீர்க்கும் என்று இரண்டையும் ஒரே முடிச்சில் கட்டிவிட்டார். ஆனால் இச்சொல்லுக்கு மற்றொரு பொருளும் உண்டு. அது தச்சர்க்கும் கொத்தனார்க்கும் உரியது. ஓர் அங்குலத்தை எட்டாகப் பகுத்து, அதில் ஒரு பங்கை அவர்கள் 'ஒரு நூல்' என்பர். 'இரண்டு நூல் இழை' என்று மேஸ்திரி சொன்னால், கால் அங்குலம் சீவ வேண்டும் என்பது சித்தாளுக்கு விளங்கும். அந்தக் கணக்குப்படி, அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு அரை நூல். நம் பங்கில் ஒரு குடும்பத்தின் பிழைப்பு சில வாரங்கள் இந்த அரை நூலில் தொங்கிக்கொண்டிருந்தது.

நாம் வாழும் மன்னார்புரம் திருச்சிராப்பள்ளிக்கு வருவோரும் போவோரும் கடந்து செல்லும் இடம். ரவுண்டானாவைச் சுற்றி இரவும் பகலும் பேருந்துகளின் இரைச்சல் ஓயாது. இந்த இரைச்சலுக்கு நடுவில், பங்கு மண்டபத்தை ஒட்டிய சிற்றறையில், பதினொரு பெண்கள் கூடித் தையல் வேலை செய்கிறார்கள். தையற்கடைகளில் மிஞ்சும் பருத்தித் துண்டுகளைச் சேகரித்து, ஒரே அளவான சதுரங்களாக வெட்டி, அவற்றை இணைத்து மேல்துணி ஆக்குவார்கள். அதன் அடியில் மெல்லிய பஞ்சு விரிப்பும், அதற்கும் கீழே ஒரு முழுத் துணியும் வைத்து, மூன்றையும் சேர்த்துத் தைத்தால் போர்வை. மேல்நாட்டார் இதை 'குவில்ட்' என்பர். நம் பெண்கள் வைத்த பெயர் 'துண்டுப் போர்வை'. கோடைக்கானலில் குளிர்கால விற்பனைக்காக ஒரு கடை பன்னிரண்டு போர்வைகள் கேட்டிருந்தது. அவர்கள் பெற்ற வேலைகளில் அதுவே பெரியது.

இந்தத் தையலின் இலக்கணம் எளிது. துணியின் விளிம்பிலிருந்து கால் அங்குலம் உள்ளே தள்ளித் தைக்க வேண்டும். இரண்டரை அங்குலச் சதுரம் ஒன்று நான்கு பக்கமும் தைக்கப்பட்டபின் இரண்டு அங்குலமாக முகம் காட்டும். அத்தகைய சதுரங்கள் ஒன்பதை மும்மூன்றாக இணைத்தால் ஆறரை அங்குலக் கட்டம் வரும். அக்கட்டங்களை அகலத்துக்கு ஒன்பது, நீளத்துக்குப் பன்னிரண்டு என அடுக்கினால் ஒரு போர்வை. ஒரு வரிசையில் 27 துண்டுகள். அவற்றை இணைக்கும் தையல்கள் 26.

இங்கேதான் அரை நூல் தன் வேலையைக் காட்டுகிறது. ஒரு தையல் கால் அங்குலத்துக்குப் பதிலாக அரை நூல் கூடுதலாக உள்ளே சென்றால், இரு துணிகளிலிருந்தும் அரை அரை நூலாக ஒரு நூல் குறையும். கண்ணுக்கு அது தெரியாது, கைக்கும் தெரியாது. இருபத்தாறு தையல்களில் இருபத்தாறு நூல், அதாவது மூன்றேகால் அங்குலம் காணாமற்போகும். ஒருவர் ஒருத்தியாகவே ஒரு போர்வை முழுவதையும் தைத்தால், போர்வை சற்றுச் சிறிதாகும், அவ்வளவுதான். ஐந்து பேர் தைத்த கட்டங்களை ஒன்றாக இணைக்கும்போதோ, ஆறரை அங்குலக் கட்டமும் ஆறேகால் அங்குலக் கட்டமும் அருகருகே வந்து நிற்கும். பெரியது சுருங்கிப் புடைக்கும். சிறியது இழுபட்டு விறைக்கும். மூலைகள் சந்திக்கமாட்டா.

அப்படிச் சந்திக்காத கட்டங்கள் நாற்பது சேர்ந்தன. எல்லாம் ஒருவர் தைத்தவை.

அவரை எல்லாரும் அக்கா என்றே அழைப்பர். நாமும் இங்கே அப்பெயரையே வைத்துக்கொள்கிறோம். திருப்பூரில் பதினான்கு ஆண்டுகள் ஓவர்லாக் டெய்லராக இருந்தவர். கணவர் இறந்தபின், செவிலியர் படிப்பில் சேர்ந்த மகளுக்கு அருகில் இருக்க வேண்டும் என்று ஊர் திரும்பினார். அறையிலிருந்த மற்றப் பெண்கள் மிதித்து ஓட்டும் பழைய மிஷின்களில் பழகியவர்கள். கனடாவில் குடியேறிய பங்குக் குடும்பம் ஒன்று தாங்கள் பயன்படுத்திய குவில்டிங் மிஷின் ஒன்றை அனுப்பியபோது, அதன் வேகத்துக்கு அஞ்சி ஒருவரும் அதன் அருகே செல்லவில்லை. (அது அந்நாட்டு 120 வோல்ட் மின்சாரத்துக்கு உரியது. நம் 230 வோல்ட்டை இறக்கித் தரும் மின்மாற்றி ஒன்றை வாங்கி வைக்கும் வரை இரண்டு மாதம் பெட்டியிலேயே இருந்தது. அன்பளிப்புகளுக்கும் சில நிபந்தனைகள் உண்டு.) அக்காவோ முதல் நாளே அதில் அமர்ந்து, மற்றவர்கள் இரண்டு கட்டம் முடிப்பதற்குள் ஐந்து முடித்தார். கூலி கட்டக் கணக்கில். ஆகவே அக்காவின் வருவாய் கூடியது. மகளின் விடுதிக் கட்டணத்தை முதன்முறையாகக் கடனின்றிக் கட்டினார்.

நாற்பது கட்டங்கள் பொருந்தவில்லை என்று தெரிந்த அன்று, அறையில் பேச்சு வேறு திசையில் திரும்பியது. வேகத்துக்கு ஆசைப்பட்டதன் விளைவு என்றார் ஒருவர். பனியன் தைத்த கைக்கு நுணுக்கம் வராது என்றார் மற்றொருவர். இறுதியில் குழுத் தலைவி நம்மிடம் வந்து, "சாமி, அக்காவை இஸ்திரிக்கு மாத்திடலாம்னு எல்லாரும் சொல்றாங்க. யாருக்கும் மனவருத்தம் இருக்காது" என்றார். இஸ்திரி போடுவோர்க்குக் கூலி பாதி. மனவருத்தம் யாருக்கு இருக்காது என்று நாம் கேட்கவில்லை. இரண்டு நாள் பொறுக்கச் சொன்னோம். அந்த இரண்டு நாளில், திருப்பூருக்கே திரும்பிவிடலாம் என்று அக்கா அண்டை வீட்டாரிடம் சொல்லியிருந்தார். மகளுக்கு அப்போது முதலாண்டுகூட முடியவில்லை.

தையல் மிஷின் பெண்களின் பாரத்தைக் குறைக்கப் பிறந்தது என்று நம்பியவர் காந்தியடிகள். 1924இல் இராமச்சந்திரன் என்னும் இளைஞர் அவரிடம், எல்லா இயந்திரங்களையுமே எதிர்க்கிறீர்களா என்று கேட்டார். சிங்கர் தையல் மிஷினை அவர் ஒரு விலக்காகக் கூறினார். மனைவி கையால் தைத்துத் தைத்து அலுப்பதைக் கண்ட கணவனின் அன்பிலிருந்து அது பிறந்தது என்பது அவர் தந்த விளக்கம். கேள்வி கேட்ட இளைஞர்தான் பின்னாளில் தம் மனைவி டாக்டர் சௌந்தரத்துடன் 1947இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவிய ஜி. இராமச்சந்திரன். சௌந்தரம் அம்மையார் டி.வி.சுந்தரம் ஐயங்காரின் மகள்; நம் மன்னார்புரத்துக்கு அடுத்த நிறுத்தத்தை டி.வி.எஸ். டோல்கேட் என்று சொல்லும்போதெல்லாம் நாம் அக்குடும்பத்தின் பெயரைச் சொல்கிறோம். அன்பிலிருந்து பிறந்த இயந்திரம் கூலிக்கணக்கின் கையில் சிக்கும்போது என்ன ஆகும் என்பது வேறு கதை. அந்தக் கதை நம் அறையிலேயே நடந்தது.

முடிச்சை அவிழ்த்தவர் தையல் அறியாத ஒருவர். திருவெறும்பூர் கொதிகலன் தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர், மண்டபக் கதவின் கீல் ஒன்றைச் சரிசெய்ய வந்திருந்தார். கட்டங்களை மேசையில் பரப்பி நாங்கள் கவலையுடன் நின்றதைக் கண்டு, என்னவென்று கேட்டார். கேட்டபின் அவர் முதலில் சொன்னது இது: "சாமி, டெஸ்ட் பீஸ் போட்டுப் பார்த்தீங்களா?"

கொதிகலன் குழாயில் கை வைக்குமுன், அதே இரும்பில் ஒரு மாதிரித் துண்டைப் பற்றவைத்து, அறுத்தும் வளைத்தும் சோதிப்பது அவர்கள் வழக்கமாம். பற்றவைத்த இடம் ஆறும்போது இரும்பு சற்றுச் சுருங்கும்; அதைக் கணக்கில் கொண்டு முன்கூட்டியே இடம் விட்டு வெட்டவேண்டும். எவ்வளவு இடம் என்பது தகட்டின் கனத்தையும் பற்றவைக்கும் முறையையும் பொறுத்தது. "வரைபடத்துல இருக்கிற அளவு வேலை முடிஞ்ச பிறகு வரவேண்டிய அளவு. வேலைக்கு முன்னாடி வைக்கிற அளவை மிஷினும் கையும்தான் சொல்லணும்" என்றார்.

துணிக்கு அவர் சொன்னபடி ஒரு சோதனை அமைத்தோம். குவில்ட் தைப்போர் உலகெங்கும் செய்வதும் இதுவே என்று பின்னர் அறிந்தோம். ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டைகள் வெட்டவேண்டும். அவற்றைப் பக்கத்துக்குப் பக்கம் தைத்து, இஸ்திரி போட்டு, நடுப் பட்டையை அளக்க வேண்டும். அது சரியாக ஓர் அங்குலம் இருந்தால் தையல் சரி. தையல் எவ்வளவு உள்ளே விழுந்தது என்று அளப்பதைவிட இது நம்பத்தக்கது. ஏனெனில் துணி மடிந்து திரும்பும் இடத்தில், அந்த வளைவே சிறிதளவு துணியை விழுங்கிவிடுகிறது. ஆகவே கால் அங்குலம் என்று நாடாவில் காட்டும் தையல் உண்மையில் ஒரு நூலிழை மிகுதி. ஒரு நூலிழை குறைவாகத் தைத்தால்தான் முகத்தில் சரியான அளவு நிற்கும். (இங்கே நூலிழை என்பது தச்சரின் நூலன்று, மெய்யான பருத்தி நூலின் கனம்.)

குருமடத்தில் திருச்சபைச் சட்டம் பயின்றபோது, 'கானோன்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு அளவுகோல் என்பது மூலப்பொருள் என்று எழுதிக்கொண்டோம். அளவுகோலைத் துணியின் எந்தப் பக்கத்தில் வைப்பது என்ற கேள்வி அந்த வகுப்பில் எழவில்லை.

ஐந்து மிஷின்களிலும் ஐந்து பேரும் தைத்தனர். பட்டைகளை அளந்தபோது அறை அமைதியாயிற்று. ஐந்தில் ஒன்றுகூடச் சரியாக ஓர் அங்குலம் காட்டவில்லை. குழுத் தலைவியின் பட்டை அகன்றிருந்தது. அதாவது அவர் தையல் குறைவாகவே உள்ளே விழுந்தது. மற்ற மூவருடையதும் ஏறத்தாழ அவ்வாறே. அவர்கள் நால்வரும் ஒரே ஆசிரியையிடம் பயின்றவர்கள். ஆகவே அவர்களின் கட்டங்கள் ஒன்றோடொன்று பொருந்தின. அதையே அவர்கள் சரியான அளவு என்று எண்ணியிருந்தனர். அக்காவின் தையலோ எதிர்ப்பக்கம் விலகியிருந்தது.

ஏன் என்பதை அக்காவே கண்டுபிடித்தார். வெல்டர் அவரை ஒரு முறை மெதுவாகத் தைக்கச் சொல்லி, அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "துணியை ஏம்மா வலப்பக்கம் நெட்டித் தள்ளுறீங்க?" என்றார். அக்கா கையை எடுத்துவிட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "அங்க கத்தி இருக்கும் சாமி. கத்திக்குள்ள தள்ளித்தான் பழக்கம்" என்றார்.

ஓவர்லாக் மிஷினை அறியாத வாசகருக்காக ஒரு சொல். அதில் ஊசிக்குச் சற்று முன்னால், வலப்பக்கத்தில், ஒரு கத்தி இயங்கும். தைக்கும்போதே துணியின் மிகுதியான ஓரத்தை அது வெட்டித் தள்ளிவிடும். தையற்காரர் ஓரத்தைக் காக்க வேண்டியதில்லை. துணியைக் கத்திக்கு ஊட்டினால் போதும். பதினான்கு ஆண்டுகள் அக்காவின் கை அதைத்தான் செய்தது. குவில்டிங் மிஷினின் பிரஷர் ஃபுட்டில், கத்தி இருக்க வேண்டிய இடத்தில், துணியை வழிநடத்த ஓர் இரும்பு உதடு இருக்கிறது. அதைத் தொட்டும் தொடாமலும் துணி செல்லவேண்டும். அக்கா கத்திக்குத் தள்ளுவதுபோல் அதன்மேல் தள்ளினார். துணியின் ஓரம் உதட்டில் மோதிச் சுருண்டு, தையல் கூடுதலாக உள்ளே விழுந்தது. அவர் செய்தது கவனக்குறைவன்று. வேறொரு வேலையின் கவனம்.

மிஷினின் பங்கும் சிறிது இருந்தது. மடிப்பு விழுங்கும் நூலிழையை அந்த இரும்பு உதடு அறியாது. அந்த மிஷினில் ஊசியை இடமும் வலமும் சிறிது சிறிதாக நகர்த்த முடியும். ஊசியை உதட்டை நோக்கி ஒரு படி வலப்பக்கம் நகர்த்தியதும் நடுப்பட்டை அளவுக்கு வந்தது. அதன் தகட்டில் அங்குலக் கோடுகளும் மில்லிமீட்டர்க் கோடுகளும் சேர்ந்தே உள்ளன. ஆறாம் மில்லிமீட்டரைக் கால் அங்குலமாகக் கொள்ள நேர்ந்தால் அதுவும் பிழையே. கால் அங்குலம் 6.35 மில்லிமீட்டர். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடு மெட்ரிக் அளவுக்கு மாறிவிட்ட பின்னும், நம் தையற்காரரின் நாடாவும் தச்சரின் நாவும் அங்குலத்தை விடவில்லை. விடாதிருப்பதில் நமக்கு வருத்தமில்லை. இரண்டையும் ஒரே போர்வையில் கலக்காதிருந்தால் சரி.

மிதிமிஷின்களுக்கு இரும்பு உதடு கிடையாது. அவற்றின் தகட்டில், சோதித்து அறிந்த இடத்தில், மருத்துவமனைப் பிளாஸ்திரியை நான்கு மடிப்பாக ஒட்டி ஒரு கரை கட்டினோம். ஒவ்வொரு மிஷினுக்கும் கரை வேறு வேறு இடத்தில் விழுந்தது. பட்டை மட்டும் எல்லாவற்றிலும் ஓர் அங்குலமாயிற்று. கண்ணை ஊசியில் வைக்காமல் அந்தக் கரையில் வைத்துத் தைக்கவேண்டும். குதித்தாடும் ஊசியைப் பார்ப்பவர் கை அதனோடு சேர்ந்து அலைகிறது.

இவ்வளவு அளவு எதற்கு, நம் பாட்டிமார் பழம்புடவைகளை மடித்துக் குழந்தைக்கு விரிப்பு தைத்தபோது நாடா பிடித்தார்களா என்று அறையின் மூத்த பெண் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. வட கர்நாடகக் காடுகளை ஒட்டி வாழும் சித்தி மக்கள், ஆப்பிரிக்க வழிவந்தவர்கள், 'கவந்தி' என்னும் போர்வை தைக்கிறார்கள். அவர்களில் கத்தோலிக்கரும் உண்டு. விளிம்பிலிருந்து தொடங்கி, துண்டின் மேல் துண்டு ஏறும்படி வைத்து, கையாலேயே நடுவை நோக்கித் தைத்துச் செல்வார்கள். நான்கு மூலையிலும் மடித்த சிறு துணியைப் பூவாக வைக்காவிட்டால் அந்தப் போர்வை அவர்களுக்கு முழுமை பெறாது. அளவுநாடா அதில் எங்கும் இல்லை. நம் தேர்களில் தொங்கும் தொம்பைகளும் அவ்வாறே, முழுத் துணியின்மேல் வெட்டுத்துணியை வைத்துத் தைப்பவை. கீழே ஒரு துணி தாங்கி நிற்கும்போது மேலே உள்ளது சற்று விலகினாலும் பாதகமில்லை. நம் துண்டுப் போர்வையின் முகத்தில் தாங்குவதற்கு வேறொன்றும் இல்லை. ஒரு துண்டை அதன் அண்டைத் துண்டுதான் தாங்குகிறது. மூத்த பெண் இதை முழுவதும் ஏற்றாரென்று சொல்ல முடியாது. "கவந்தி தைக்க ஆசையா இருக்கு" என்றார்.

புதுத் துணியை வெட்டுமுன் நனைத்துக் காயவைப்பது அறையின் பழைய வழக்கம். சலவை காணாத துணியைப் பழைய ஆடையில் ஒட்டுப்போட்டால் அது சுருங்கிக் கிழிசலைப் பெரிதாக்கும் என்ற உண்மையை மாற்கு நற்செய்தியில் ஆண்டவர் எடுத்தாள்கிறார். நாசரேத்து வீட்டில் தையல் வேலையைக் கவனித்துப் பார்த்தவராகத்தான் அவர் இருக்கவேண்டும்.

நாற்பது கட்டங்கள் என்ன ஆயின? ஒரு கட்டத்தில் எட்டுத் தையல்கள். ஆக 320 தையல்கள். கத்தி வெட்டிய துணி போனது போனதுதான். ஆனால் இங்கே கத்தி இல்லை. கூடுதலாக விழுங்கப்பட்ட துணி முழுவதும் தையலுக்குப் பின்னால் அப்படியே இருந்தது. பிரித்தால் மீண்டுவிடும். அக்கா இதைச் சொன்னபோது அவர் குரலில் முதன்முறையாக ஒரு தெளிவு இருந்தது. பிளேடு முனையால் மூன்று தையலுக்கு ஒரு தையலாக அறுத்து, நூலை உருவிப் பிரித்தார்கள். இஸ்திரியை இழுக்காமல் அழுத்தி எடுத்தார்கள். இழுத்தால் சதுரம் சாய்சதுரமாகும். மூன்று நாள் ஆயிற்று. தலைவியும் பிரிக்க அமர்ந்தார். தம்முடைய கட்டங்களும் அகன்றுதான் இருந்தன என்பதை அவர் மறக்கவில்லை.

அந்த மூன்று நாளுக்குக் கூலி யார் தருவது என்பதில்தான் சச்சரவு. கட்டக் கணக்குப்படி பிரிப்பதற்குக் கூலி இல்லை. கட்டக் கணக்கு இருக்கும்வரை ஒருவரும் சோதனைப் பட்டை தைக்கமாட்டார் என்றும், பிழையை ஒளிப்பதே அதில் ஆதாயம் என்றும் நாம் வெளிப்படையாகச் சொன்னோம். நாள் கூலியானால் மந்தமாக வேலை செய்வோர்க்குக் கொண்டாட்டம் என்று இருவர் வாதிட்டனர். அதிலும் உண்மை இல்லாமல் இல்லை. இரண்டு மாலை பேசியபின், நாள் கூலியும், முடிந்த போர்வை ஒவ்வொன்றுக்கும் எல்லாருக்கும் சமமாக ஒரு பங்கும் என்று முடிவாயிற்று. அக்காவுக்கு இதில் மாத வருவாய் சற்றுக் குறைவு. இஸ்திரிக் கூலியைவிட மிக அதிகம். திருப்பூர்ப் பேச்சு நின்றது. விடுதிக் கட்டணத்தின் அடுத்த தவணைக்கு அவர் குழுவின் சேமிப்பிலிருந்து கடன் பெற்றார். அதை அடைத்தும் வருகிறார்.

பன்னிரண்டு போர்வைகளும் தவணைக்கு எட்டு நாள் தாமதமாகக் கோடைக்கானல் சென்றன. கடைக்காரர் தாமதத்துக்காக விலையில் சிறிது பிடித்துக்கொண்டார்.

இப்போது காலையில் அறையைத் திறந்ததும் ஐந்து மிஷின்களிலும் முதல் தையல் சோதனைப் பட்டைதான். அளந்து பார்த்து, ஓரத்தில் தேதியைப் பென்சிலால் எழுதி, ஒரு பிஸ்கட் டப்பாவில் போடுகிறார்கள். அக்கா அவற்றை எறிய விடுவதில்லை. டப்பா இரண்டாகிவிட்டது. அவற்றையெல்லாம் இணைத்து ஒரு போர்வை ஆக்கலாம் என்கிறார் அவர். தொடக்கத்தில் தைத்த பட்டைகள் அளவு ஒவ்வாதவை, சேராது என்கிறார் தலைவி. கவந்தி முறையில் வைத்துத் தைக்கலாமே என்று மூத்த பெண் இடையில் புகுந்திருக்கிறார். இன்னும் முடிவாகவில்லை.